கட்டளைச் சோறு

எங்கள் மகளுக்கு நடக்க வராது, பேச்சும் வராது. எருத்தேன்பதிப் பக்கத்தில் அவளைப் போல இன்னும் சில பிள்ளைகள் இருந்தார்கள். கூலிக்குப் போகும் தாய்மார் பிள்ளையைக் கட்டிலில் விட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் எங்கள் மாட்டுக் கொட்டகைக்குச் சிமெண்டுத் தரை போட்டு, பகலில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இல்லம் தொடங்கினேன். பத்தாவதோடு நின்ற படிப்பு எனக்கு. தைரியமெல்லாம் மாரியாத்தா கொடுத்ததுதான். தொடங்கிய அன்று கோயிலில் நின்று, “இந்தப் பிள்ளைகளுக்கு என் கையாலேயே சோறு ஊட்டுகிறேன் தாயே” என்று வேண்டிக்கொண்டேன்.

அந்த வேண்டுதலை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சமையல், குளிப்பாட்டுவது, தூக்குவது, ஊட்டுவது எல்லாம் நானே. யாரிடமும் உதவி கேட்டதில்லை. சாமிக்கு நேர்ந்த காரியத்தில் இன்னொருவரை இழுப்பது தப்பு என்று நினைத்தேன். இரண்டு வருடத்தில் இடுப்பு போய்விட்டது. இனி ஒரு பிள்ளையையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசியோடு மூடிவிடுகிறேன் என்று தாய்மாரிடம் சொன்னேன். ஒருத்தி மகனின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டு, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள்.

பாலக்காட்டு டவுனில் நாங்கள் மளிகை வாங்கும் கடைக்காரர் ஒரு ராவுத்தர். என் வீட்டுக்காரர் அவரிடம் இதை மனசு விட்டுச் சொல்லியிருக்கிறார். புதிதாகத் தொழில் வைத்தோ, என்னைப் போல ஏதாவது தொடங்கியோ தடுமாறுகிறவர்களைத் தேடிப் போய் உட்கார்ந்து வழி சொல்வது ராவுத்தருக்கு வழக்கம். எலப்புள்ளியில் ஊறுகாய் போட்டு விற்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார். காலையிலிருந்து மத்தியானம் வரை நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். மோர் கொடுத்தபோதுதான் வாயைத் திறந்தார்.

“தங்கச்சி, நீ படுத்துட்டா இந்தப் பிள்ளைங்க கதி?”

“ஆத்தா பாத்துக்குவாங்கண்ணா.”

“ஆத்தா பாத்துக்கும், சரி. அந்த ஆத்தாளுக்கு நோம்பித் திருவிழா வருதே, அதை நீ ஒருத்தியாவா நடத்துறே?”

“அதெப்படிங்க முடியும்? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஊட்டுக் கட்டளைங்க. அன்னிக்குப் பூசையும் சோறும் அவங்க செலவு, அவங்க பாடு.”

“யாராச்சும் வேண்டாம்னு சொல்லுவாங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருடம் ஒரு குடும்பத்தின் நாளைத் தவறுதலாக விட்டுவிட்டார்கள். அந்த வீட்டுப் பெரியவர் கோயில் வாசலில் துண்டை உதறிக்கொண்டு நின்றார். “எங்கூட்டுக் கட்டளைய உட்டுப்போட்டு ஆத்தாளுக்கு எப்படிங்க சோறு எறங்கும்?” என்று கேட்டார். சமாதானம் பண்ணப் பாதி ஊர் போக வேண்டியிருந்தது. அதை ராவுத்தரிடம் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “எங்க பள்ளிவாசல் நோம்புக் கஞ்சிக்கும் அதே சண்டைதான். அப்ப, தனக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கலியேன்னு உன் மேல எத்தனை ஊடு கோவமா இருக்கோ, யாருக்குத் தெரியும்? போய்க் கேளு.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பெண்கள் பிரசாதத்துக்கு நின்றபோது, பிள்ளைகளுக்குச் சோறு போட வீட்டுக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். என் நாத்தனார்தான் முதலில் பேசினார். அவர் என்னைப் பின்னால் கேலி பேசுகிறார் என்றே நான் அதுவரை நினைத்திருந்தேன்.

“இத்தன நாளா நாங்க கண்ணுக்குத் தெரியிலியாக்கும்?”

“வேண்டுதலுங்க அண்ணி. என் கையால ஊட்டறேன்னு...”

“ஆத்தாளுக்கே நாலு கை. உனக்கு ரெண்டே போதுமாக்கும்? பெரிய இவ!”

எல்லோரும் சிரித்தார்கள். பூசாரியும் சிரித்துக்கொண்டே, தாயிடம் சொல்லிவிட்டால் போதும் என்று என் தலையில் தீர்த்தம் தெளித்தார். அங்கேயே நாள் பிரிக்க ஆரம்பித்தார்கள். செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் மூன்று வீட்டார் மல்லுக்கு நின்றார்கள். சமையல் ஒரு வீடு, தூக்க இரண்டு பேர் என்று முடிவானது. மாதக் கடைசி வந்தது, நான் மூடவில்லை. இன்றைக்கும் இல்லம் நடக்கிறது. விளக்கு வைக்கும்போது ராவுத்தர் குடும்பத்துக்காகவும் ஒரு நிமிடம் கும்பிடாமல் நான் எழுவதில்லை.

முதல் கட்டளை நாத்தனார் வீட்டுடையது. பருப்புச் சோற்றில் நெய்யை ஊற்றிப் பிசைந்து என் மகளிடம் போனார். அவளுக்கு என் கை தவிர வேறு கை பழக்கமில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் எழப் போனேன்.

“உக்காரு. எந்திரிச்சயின்னா நான் போயிருவேன்” என்றார் நாத்தனார்.

மகளின் கண்ணைப் பார்த்தால் எழுந்துவிடுவேன் என்று தெரிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பின்னால் நாத்தனார் அவளிடம் எதையோ பேசிக்கொண்டே இருந்தார், மாடு கன்று போட்டதையும் கோழி காணாமல் போனதையும். பிறகு, அடுத்த வாய் வேண்டும் என்றால் என் மகள் போடுகிற அந்தச் சின்ன உறுமல் கேட்டது.