ஒரு முழம் குறைந்த மல்லிகை

மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய வருடம் நான் பூத் திருடினேன். எனக்கு ஒன்பது வயது. ஊரே கொடி கட்டுவதில் மும்முரமாக இருந்ததால் என்னை யாரும் கவனிக்கவில்லை.

திருடியது சின்னம்மாவின் பூ. அம்மாவின் தங்கையான அவர் காஜா பேராங் பகுதியில் எங்கள் அடுத்த வீட்டில்தான் குடியிருந்தார். ஒருநாள் குளித்துவிட்டு வந்தவர் அம்மாவை அறைக்குள் கூப்பிட்டு, மார்பில் வேர்க்கடலை அளவுக்கு ஏதோ உருளுகிறது என்று காட்டினார். கதவிடுக்கில் நான் நின்றிருந்தேன். நிற்கக் கூடாத இடத்தில் நிற்பதுதான் அந்த வயதில் என் வேலை. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, பழைய பால் கட்டிக்கொண்டிருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார். பால் கட்டினால் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது எங்கள் வீட்டுப் பெண்களின் வழக்கம். ஆஸ்பத்திரிப் பேச்சே எழவில்லை. ஆண் டாக்டரிடம் போய் இதைக் காட்டுவதா? சித்தப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஆக, தினமும் சாயங்காலம் மூன்று முழம் பூ வாங்கி வருவது என் பொறுப்பானது. யாராவது கேட்டால் பூஜைக்கு என்று சொல்லவேண்டும். பக்கத்துக் குடியிருப்பான கம்போங் செட்டியில் ஓர் அம்மாள் வீட்டிலேயே பூக்கட்டி விற்றார். அங்குள்ள செட்டி மக்கள் எப்போதோ வந்து குடியேறிய தமிழர் வழிவந்தவர்கள்; நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், பேசுவது மட்டும் மலாய். அவரை மாச்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடுவோம். அவர் தாராளமாக அளந்து கொடுப்பார். நான் வழியில் ஒரு முழத்தை அறுத்துப் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொள்வேன். பள்ளியில் ஊர்வல ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. முன்வரிசைப் பெண்கள் எல்லாம் தலைநிறையப் பூ வைத்து வந்தார்கள். அதற்கு முன் எனக்கு மட்டும் ரிப்பன், அதுவும் அக்காவின் பழைய ரிப்பன்.

மூன்று வாரமாகியும் கட்டி கரையவில்லை. பூ போதவில்லையோ என்னவோ என்று அம்மா கவலைப்பட்டது என் காதில் விழுந்தது. நான் எடுத்த பூவால்தான் சின்னம்மாவுக்குக் குணமாகவில்லை, அவருக்கு ஏதாவது ஆனால் பழி என் மேல்தான் என்று பயந்தேன்.

மறுநாள் மாச்சிக்கிடம், நான் திருடியதற்கெல்லாம் சேர்த்து நிறையப் பூ கொடுங்கள் என்று அழுதேன். அவர் சிரித்துக்கொண்டே என்ன ஏதென்று விசாரித்தார். பூஜைக் கதையை மறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"பால் குடிக்கிற பிள்ளைக்கு எத்தனை மாசம்?" என்று மலாயில் கேட்டார்.

மாதமா? சின்னம்மாவின் பையன் இரண்டாம் வகுப்புப் படிக்கிறான் என்றேன்.

அவருடைய சிரிப்பு நின்றது. பாதி கட்டிய பூவை அப்படியே போட்டுவிட்டு என்னோடு நடந்து வந்தார்.

அம்மாவின் கோபத்தை நான் பிறகு முதுகில் வாங்கிக்கொண்டேன். மாச்சிக் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வலிக்கிறதா என்று மட்டும் கேட்டார். வலியே இல்லை என்றார் சின்னம்மா. அம்மா அதையே பிடித்துக்கொண்டார். வலியில்லாததற்கு எதற்கு டாக்டர் என்று கேட்டார்.

"என் அக்காவுக்கும் வலிக்கல. வலிச்சா போகலாம்னு இருந்தோம்," என்றார் மாச்சிக். "வலிச்சு நாங்க போனப்ப, ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க."

அம்மா பெட்டியைத் திறந்து ஆஸ்பத்திரிக்குக் காசு எடுத்து வைத்தார்.

மறுநாள் காலை இரண்டு பெச்சா, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா, பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சித்தப்பாவுக்கே வண்டி ஏறும்போதுதான் விஷயம் தெரியும். டாக்டர் ஆண்தான். புற்றுநோய் என்றும், நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள், இன்னும் பரவவில்லை என்றும் சொன்னாராம். ஒரு பக்கத்து மார்பை எடுத்துவிட்டார்கள். நான் ரிப்பனோடு ஊர்வலம் போனேன்.

ஒரு மாதம் கழித்து வீடு திரும்பிய சின்னம்மாவிடம் முழுசாக மூன்று முழம் மல்லிகையை நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம்மா. எடுத்துட்டுப் போயிரு."

அதற்கப்புறம் முப்பது வருடம் இருந்தார். பேரன் பேத்தி பார்த்தார். மல்லிகை மட்டும் வைத்ததே இல்லை.

திருட்டு தெரிந்துபோய்த்தான் என் மேல் கோபமாக இருக்கிறார் என்று வெகுநாள் நம்பி, அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். மார்பில் பூக் கட்டிக்கொண்டு காத்திருந்த அந்த மூன்று வாரத்தைத்தான் அந்த வாசனை அவருக்குக் கொண்டுவரும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. நான் ஒழுங்கான பிள்ளையாகத் தினமும் மூன்று முழத்தையும் கொண்டுவந்து கொடுத்திருந்தால், அம்மா இன்னும் எத்தனை மாதம் பூவே கட்டிக்கொண்டிருந்திருப்பார் என்பதும் தெரியவில்லை.