ஆறாவது ஆள்

வலது காது கம்பெனிக்கு, இடது காது குழந்தைக்கு. ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்து, மறுபக்கத்தைப் பின்மண்டைக்குத் தள்ளிவிட்டு, சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பாள் எங்கள் எதிர்வீட்டுப் பெண். யார் யாரோ எங்கெங்கோ நடத்திய மீட்டிங்குகளின் ஒலிப்பதிவு அவளுக்கு வரும். கேட்டுக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுக்க வேண்டும். சிரித்தால் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு'. யாரும் பேசாவிட்டால் 'அமைதி'. அதுதான் சட்டம்.

முன்பு இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்தாள். காப்பகத்தில் விட்டிருந்த மகள் ஒரு சாயங்காலம் அங்கிருந்த ஆயாவை "அம்மா" என்று கட்டிக்கொண்டு, இவளிடம் வரமாட்டேன் என்று அழுதிருக்கிறாள். மறுநாளே ராஜினாமா. "அவ்ளோதான்க்கா, எழுதிக் குடுத்துட்டேன்."

கணவருக்கு வெளியூரில் வேலை. மாதத்துக்கு இரண்டு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் அவளோடு பேச இரண்டரை வயது ஆள் ஒன்றுதான், அதுவும் பாதி நேரம் நாய்க்குட்டி பாஷையில். நானே எத்தனையோ முறை, "சும்மாதானே இருக்கே, கேஸ்காரர் வந்தா வாங்கி வை" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வாராவாரம் ஒரே கம்பெனியின் திங்கட்கிழமை மீட்டிங் வரும். ஐந்து பேர். முகம் தெரியாது, இவளே பட்டப்பெயர் வைத்திருக்கிறாள். பெரியவர், தொண்டைக்கட்டு, பேனா தட்டி, வாய்க்கு வாய் 'அதாவது' போடும் 'அதாவது' சார், சிரிப்பக்கா. "பேனா தட்டி இந்த வாரம் வரலைக்கா. போன வாரமே இருமிக்கிட்டிருந்தார், பாவம்" என்பாள், என்னவோ சொந்த மச்சான் படுத்துக்கிடக்கிற மாதிரி. அவர்கள் ஜோக்கடித்தால் இவளும் சத்தமாகச் சிரிப்பாள். யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் நான் ஏமாந்திருக்கிறேன்.

வந்தது வினை. ஒரு மீட்டிங்கில் பெரியவர், "எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்க, மற்ற நாலு பேரும் "சம்மதம்" என்றார்கள். இவளும் தன்னை மறந்து "சம்மதம்" என்றாள். சொன்னதோடு விட்டாளா? கை பாட்டுக்கு அதையும் தட்டிவிட்டது. வேலை கொடுப்பவர்களிடமிருந்து காட்டமாக வந்தது கடிதம்: மீட்டிங்கில் இருந்தது ஐந்து பேர், யார் இந்த ஆறாவது ஆள்? இன்னொரு முறை நடந்தால் வேலை கிடையாது.

"வேலை போச்சுன்னா திரும்ப ஆபீஸ், திரும்ப காப்பகம். இவ திரும்ப யாரையாவது அம்மான்னுவா" என்றாள், மகளின் சட்டைக்குப் பட்டன் போட்டபடி.

அன்றிலிருந்து ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுகையால்தான் தட்டுகிறாள். வேலை இரண்டு மடங்கு இழுக்கிறது. இப்போதெல்லாம் அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தமும் கிடையாது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கே என்னவோ போல இருக்கிறது.

நேற்று மத்தியானம் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "அக்கா, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டு, ஹெட்ஃபோனின் சும்மா கிடந்த பக்கத்தை என் காதில் வைத்தாள். வேறு யாருக்கும் கேட்கக் கொடுக்கக் கூடாதாம். பரவாயில்லை என்று தலையசைத்தாள்.

சிரிப்பக்காவின் குரல். "இந்த வாரத்தோட நான் நின்னுக்கறேன் சார். வீட்லருந்தே ஏதாவது வேலை பார்த்துக்கிட்டு பாப்பாவைப் பார்த்துக்கப் போறேன்." எல்லாரும் கை தட்டினார்கள். வாழ்த்துச் சொன்னார்கள். அப்புறம் அந்தக் குரல் கொஞ்சம் இறங்கி, "நாள் பூரா தனியா இருக்கறது பழகிடும்ல?" என்று கேட்டது.

அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. பக்கத்தில் இவள் வாய் மேலிருந்த கை இறுகியது. மறுகையின் ஒற்றை விரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, அடைப்புக்குறிக்குள் 'அமைதி' என்று தட்டியது.