கட்டிலுக்குக் கீழே மணல்

நோர்வேயிலை, வெஸ்ட்லியிலை எங்கடை அடுக்குமாடி வீட்டுக்கு நிலவறை இல்லை. தோட்டத்துண்டு ஒண்டு இருக்குது, அதிலை அந்த வருசம் கரட் விளைஞ்சு தள்ளினது. ஈரமணலுக்குள்ளை புதைச்சுக் குளிரான இடத்திலை வைச்சால் பங்குனி வரைக்கும் கெடாதாம். குளிரான இடம் எங்களிட்டை இருந்தது. எங்கடை படுக்கையறை. என்ரை மனுசன் நோர்வேக்காரரை விடப் பெரிய நோர்வேக்காரன், பனி கொட்டினாலும் யன்னலைத் திறந்துபோட்டுத்தான் படுப்பார். நான் கம்பளித் தொப்பியோடை படுக்கிறனான். அந்த விசர் பழக்கத்தாலை கரட்டுக்காவது பிரயோசனம் வரட்டும் எண்டு நினைச்சன்.

மணல்தான் இல்லை. வாசற்படிக்குப் பக்கத்திலை ஒரு மஞ்சள் பெட்டி நிறைய மணல், பனியிலை படி சறுக்கினால் தூவுறதுக்கு வைச்சது. ஆரும் தூவி நான் கண்டதில்லை. வாளியோடை நாலு தரம் போய் வந்தன். பெட்டி வெறுமையாப் போச்சு. கரட்டை ஒரு மரப்பெட்டியிலை புதைச்சு, இவருக்குச் சொல்லாமல் கட்டிலுக்குக் கீழை தள்ளிவிட்டன்.

அந்த மாதம்தான் இவரைக் கட்டிட நிர்வாகசபைக்குத் தெரிவு செய்தவை. எங்கடை கட்டிடத்திலை அதுக்குப் போன முதல் தமிழன் எண்டு ஆளுக்கு நெஞ்சு நிமிர்ந்து போச்சு. புதுக் கோப்பு, புதுப் பேனை. முதல் வேலை, மணல் கள்ளனுக்கு அறிவித்தல் எழுதுறது.

"'களவெடுத்தவர்' எண்டு போடட்டோ?" எண்டு என்னைக் கேட்டார்.

"'எடுத்தவர்' எண்டு போடுங்கோவன். பாவம்."

அறிவித்தலை ஒட்டப் போனவர், மணலில்லாத படியிலை சறுக்கி விழுந்து நொண்டிக்கொண்டு வந்தார். வீங்கின முழங்காலுக்கு ஐஸ் வைச்சுக்கொண்டே, "கள்ளன் நான்தான்" எண்டு சொல்லிப்போட்டன்.

மனுசன் குனிஞ்சு கட்டிலுக்குக் கீழை பார்த்தார். கத்தேல்லை. கத்தியிருந்தால் நல்லா இருந்திருக்கும். "நான் நாளைக்குச் சபையிலையிருந்து விலகிறன்" எண்டு மட்டும் சொன்னார். பஸ்ஸிலை ரிக்கற் இல்லாமல் ஒரு தரிப்பிடம்கூடப் போகாத மனுசன். என்ரை கரட்டாலை அவரின்ரை மானம் கப்பலேறப் போகுது எண்டு எனக்கு அழுகை வந்தது.

விடியக் காலமை ரெண்டுபேருமாய் மணலை மஞ்சள் பெட்டிக்குள்ளை திருப்பிக் கொட்டினம். அவசரத்திலை மூண்டு கரட்டும் சேர்ந்து போயிட்டுது.

மத்தியானம் கீழ்வீட்டு நோர்வேக் கிழவி மணியடிச்சா. கையிலை எங்கடை மூண்டு கரட்டும். "மணல் பெட்டிக்குள்ளை கிடந்தது. நிர்வாகசபைக்கு ஏதும் தெரியுமோ?"

கதவுக்குப் பின்னாலை நான் ஒளிச்சு நிண்டன்.

இவர் கரட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முயலாயிருக்கும்" எண்டார்.

"மூடி திறக்கிற முயலோ?"

"ஓம். இஞ்சத்தை முயல் கெட்டித்தனமானது."

கிழவி சிரிச்சுக்கொண்டு போயிட்டா. கதவைச் சாத்திப்போட்டு என்னட்டைத் திரும்பினார். "இந்த நாட்டிலை நான் சொன்ன முதல் பொய், முயலே" எண்டார்.

பிறகு விலகிற கதையே எடுக்கேல்லை. பின்னேரம் நொண்டி நொண்டிக் கடைக்குப் போய் ரெண்டு பை மணல் வாங்கி வந்து, கரட்டைத் தானே புதைச்சார். கட்டிலுக்குக் கீழை கரட்டுப் பெட்டிக்கு மேலை பற்றுச்சீட்டையும் ஒட்டி விட்டார், ஆரும் கேட்டால் காட்டவாம். பங்குனி வரைக்கும் அந்தச் சீட்டுக்கு மேலைதான் நாங்கள் படுத்தனாங்கள்.