மேனேஜர் குரலுக்கு ஒதுக்கிய பாதி லைன்

இரண்டாயிரத்துகளின் நடுவில் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரிமுனையிலிருந்த தலைமை ஆபீசுக்கும் எங்களுக்கும் இடையில், போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு லைன். கஸ்டம்ஸ் பேப்பர்கள், தலைமை ஆபீசிலிருந்து பேசும் மேனேஜரின் போன், எங்கள் ஆட்கள் இறக்கும் பாட்டு, கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் அதில்தான் போயாக வேண்டும். யாராவது ஒரு பாட்டை இறக்க ஆரம்பித்தால் போதும், மேனேஜரின் குரல் துண்டு துண்டாகிவிடும்.

தினமும் காலையில் அவர் ஸ்பீக்கர் போனில் வேலை சொல்வார். நாங்கள் மேஜையைச் சுற்றி நின்று கேட்போம். "அந்த... கன்... உடனே... இல்லன்னா..." என்று வரும். நடுவில் விட்டுப்போனதை யார்டு சூப்பர்வைசர் நிரப்பிச் சொல்வார். காசிமேட்டுக்காரர், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். அவர் நிரப்பினால் வேலை எப்போதும் குறைந்துதான் போகும். ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு என்று நிரப்பிவிட்டார். நாங்களும் கிளம்பி வீட்டுக்குப் போய்விட்டோம்.

அதற்குப் பிறகுதான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உடனே இதைச் சரிசெய்யச் சொன்னார். ரௌட்டரில் லைனைப் பங்கு பிரித்தேன். போன் வந்தால் பாதி லைன் அதற்குத்தான். அடுத்த பங்கு கஸ்டம்ஸ் பேப்பருக்கு. பாட்டும் ஸ்கோரும் மிச்சத்தில் பிழைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

மறுநாள் மேனேஜர் மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது. எல்லோர் முகமும் வாடிவிட்டது. நாங்கள் பேசுவதும் அவருக்கு அதேபோலக் கேட்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சூப்பர்வைசர் வழக்கம்போலப் பக்கத்தில் நின்ற என்னிடம் முணுமுணுத்தார்.

"இன்னாமா, இந்தாளு காலங்காத்தாலயே பேஜாரு பண்ணிகினு கீறாரு."

போனில் பேச்சு நின்றது. பிறகு, "யாருய்யா பேஜாரு?" என்று கேட்டது.

சூப்பர்வைசர் குனிந்து, "சார்... க்ர்ர்... லைனு... க்ர்ர்... கேக்..." என்று தன் வாயாலேயே லைனை உடைத்தார். கேஷியர் அம்மா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார். நான் மேஜைக்கடியில் பேனாவைத் தேடினேன். பேனா எதுவும் விழவில்லை.

மற்றவர்கள் குரல் தெளிவாக இருக்க, சூப்பர்வைசர் குரல் மட்டும் ஏன் உடைகிறது என்று மேனேஜர் கேட்டார். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். தானே வந்து பார்ப்பதாகச் சொல்லி போனை வைத்தவர், மதியமே ஜீப்பில் வந்து இறங்கினார்.

நேராக சூப்பர்வைசரிடம் போய், காலையில் சொன்ன கன்டெய்னர் பெட்டியை நகர்த்தியாயிற்றா என்றார். சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். பயத்தில் "க்ர்ர்" என்றுதான் வந்தது.

மேனேஜர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அப்படி என்னதான் பேஜாரு என்று கேட்டார்.

சூப்பர்வைசருக்குக் குரல் திரும்பியது. "பாதி லைனு உங்களுக்கே பூட்டா, எங்களுக்கு ஸ்கோர் எப்டி சார் வரும்? மேட்ச் நடந்துகினு கீது."

மேனேஜர் என் பக்கம் திரும்பி, ஸ்கோருக்கும் கொஞ்சம் ஒதுக்க முடியுமா என்றார். அந்த மாதிரி ஒரு பங்கை நான் அதுவரை எந்த ரௌட்டரிலும் வைத்ததில்லை. துளியூண்டு ஒதுக்கினேன். ஸ்கோர் வந்தது. மேனேஜர் முதல் ஆளாக வந்து என் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் நின்றார்; அவருக்கு வந்த டீ ஆறிப்போனது.

பின்னாலிருந்து சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் சொன்னார்: "சார், கொஞ்சம் நவுந்துக்குங்க, தெர்ல."