ஒன்பதாவது ஹிட்

போன வாரம் ஒரு அமெரிக்கரின் அப்பாவைப் பொய்யர் என்று முடிவு கட்டினேன். அவரை நான் பார்த்ததே இல்லை. அதனால் என்ன? ஆட்களைச் சந்தேகப்படத்தானே கம்பெனி எனக்கு விசா எடுத்துக் கொடுத்திருக்கிறது!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற புண்ணியவான்களுக்குத் தெரியும் – வளைகுடாவில், ருவைஸில் எனக்கு டைம்கீப்பர் உத்தியோகம். யார் டூட்டிக்கு வந்தான், யாருக்குப் பதிலாக யார் கார்டு தேய்த்தான் என்று கண்டுபிடிக்கிற வேலை. கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். எந்தத் தாளைக் கண்டாலும் எண்களைக் கூட்டிப் பார்ப்பேன். பஸ் டைம்டேபிளைக்கூடக் கூட்டியிருக்கிறேன். வியாதிதான்.

செவ்வாய்க்கிழமை எங்கள் சூப்பரின்டெண்டென்ட் வால்டர் ஒரு ஃபேக்ஸ் தாளோடு வந்தார். "இதைப் பெரிசாக்கி ஒரு காப்பி எடு. வியாழக்கிழமை லீவில் போறேன். அப்பாவுக்கு எழுபத்தைந்தாவது பிறந்தநாள்."

விஷயம் இதுதான். அவர் அப்பா இளமையில் ஒரு சின்ன ஊர் டீமுக்குச் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியவராம். மொத்தமே ஒரு மேட்ச். அதில் ஒரு ஹிட். அதாவது, பந்தை அடித்துவிட்டு முதல் மூலைக்குப் பத்திரமாக ஓடிச் சேர்ந்தாராம். ஐம்பது வருஷமாக வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை. சித்தப்பாக்கள் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கிண்டல். வால்டர் அந்த ஊர் லைப்ரரிக்கு எழுதிப் போட்டு, பழைய பேப்பரில் வந்த ஸ்கோர் விவரத்தை வரவழைத்துவிட்டார்.

பட்டியலில் கடைசிப் பெயர் அப்பாவுடையது. அதற்கு நேரே, ஹிட் வரிசையில்... 1.

"பார்த்தியா?" என்றார்.

அவர் போனதும் பென்சில் தானாக எழுந்தது.

இரண்டு, ஒன்று, ஒன்று, சைபர், இரண்டு, ஒன்று, ஒன்று, சைபர், சைபர். எட்டு. அப்பாவையும் சேர்த்தால் ஒன்பது. கீழே அச்சில் இருந்த டோட்டல்... எட்டு!

அப்பாவை எடுத்துவிட்டால் கணக்கு கச்சிதம். அட்டெண்டன்ஸ் ஷீட்டில் எத்தனை பேர் இப்படிக் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்! சட்டென்று ஒரு சிவப்பு வட்டம் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது – அவரிடம் இருந்ததே அந்த ஒரு தாள்தான்.

தாளோடு கேம்ப் மளிகைக் கடைக்கு ஓடினேன். கடை நடத்துகிற சாகுல் பாய் அதிராம்பட்டினத்துக்காரர். என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி. முட்டையைக்கூட இரண்டு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர்.

"வால்டர் தன் வாப்பா பேரைக் கடைசியில சொருகிட்டாரு பாய்!"

"சொருகுறவன் ஒண்ணோட ஏன் நிக்கிறான்? மூணு, நாலுன்னு அள்ளி விடமாட்டான்?"

"அடக்கமா திருடறது ஒரு டெக்னிக், பாய்."

"உனக்குத் தெரியாததா! சரி தம்பி... நீ ஆப்சென்ட் போடுறப்ப ஷீட்டை மட்டுமா பாக்குறே? கேட் ரெஜிஸ்டரையும் பாப்பேல்ல? எதிர்த்து ஆடுனவன் கணக்கு எங்க?"

மண்டையில் கொட்டின மாதிரி இருந்தது. பதினொரு வருஷ சர்வீஸ்... மளிகைக் கடைக்காரர் சொல்லித் தர வேண்டியிருக்கிறது!

தாளின் அடியில், எறும்பு சைஸில், எதிர் டீமுக்குப் பந்து எறிந்தவரின் பெயர். கடைசிவரை அவர் ஒருத்தர்தான் எறிந்திருக்கிறார். அவர் பந்தில் அப்பா டீம் அடித்த ஹிட் எத்தனை?

9.

"இதையும் திருத்தியிருப்பாரோ?" என்றேன்.

"டோட்டலை விட்டுட்டு எறும்புக்குள்ளயா பூந்து திருத்துவான்? கலாஸ், கணக்கு முடிஞ்சுது! போய் அந்த மனுஷன்ட்ட சொல்லு."

போனேன். வட்டத்தைப் பார்த்ததும் வால்டர் முகம் செத்துவிட்டது. தானே விரல் விட்டுக் கூட்டினார். மறுபடி கூட்டினார். எனக்கு என் பாஸ்போர்ட்டில் கேன்சல் முத்திரை விழுகிற சத்தம் கேட்டது. அவசரமாக அடியில் இருந்த ஒன்பதைக் காட்டினேன். டோட்டல்தான் தப்பு சார், அப்பா இல்லை.

அந்த ஒன்பதின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார்.

"இதுக்கும் ஒரு வட்டம் போடு. சிவப்பிலேயே. சித்தப்பாக்கள் உன் ஜாதி. முதலில் கூட்டித்தான் பார்ப்பார்கள்."

போட்டேன். காப்பியும் எடுத்துக் கொடுத்தேன்.

ரூமில் நான் மாவட்ட அளவில் வாலிபால் ஆடியவன் என்று ஒரு பேச்சு உண்டு. பரப்பியது நான்தான். இப்போது சத்தமில்லாமல் வாபஸ் வாங்கிக்கொண்டிருக்கிறேன். எதிர் டீம்காரன் எங்கே, என்ன தாள் வைத்திருக்கிறானோ!