முதலிடத்தில் ஒரு பஸ் நேரம்

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே, இலுப்பூர் பஸ் நேரங்களைத் தொகுத்து நான் எழுதிய வலைப்பூ இணையத் தேடலில் எத்தனையாவதாக வருகிறது என்று பார்த்துவிடுவேன். ஓர் இடம் கீழே போனாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. மேலே வருவதற்காக என் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கச் சொல்லி மற்ற பதிவர்களை நச்சரிப்பேன்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில், கைக்குழந்தையோடு நின்ற பெண் பூக்காரரிடம், "அன்னவாசலுக்கு ஒம்பதரை பஸ் இன்னும் வரலீங்களா?" என்று கேட்டார்.

"அத நிறுத்தி மாசக்கணக்காச்சும்மா."

"போன்ல மொதல்ல வந்ததப் பாத்துத்தாங்க கெளம்புனேன்."

தேடலில் என் இடத்தைத் தினமும் பார்த்த நான் பஸ் நேரத்தை ஒருநாளும் சரிபார்க்கவில்லை. காலையில் பார்த்த இடத்திலிருந்து என் பக்கம் கீழே போயிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு தேடினேன். முதலிடத்தில்தான் இருந்தது.