கொங்கிரீட் தடுப்பில் ஒரு வீடு

நியூயார்க்குக்குப் பக்கத்தில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் எதிர் அபார்ட்மென்ட்டில் யாழ்ப்பாணத்துத் தம்பதி இருந்தார்கள். கணவர் மருந்து கம்பெனியில் கெமிஸ்ட், மனைவி டாக்டர். அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவின் அண்ணன் மட்டும் ஊரில் அவர்கள் வீட்டில் தனியாக இருந்தார். ராணுவம் நெருங்குகிறது என்று தொண்ணூற்றைந்தில் ஊரே வெளியேறியபோது அவரும் வன்னிக்குப் போயிருப்பார் என்று நம்பினார்கள். தகவல் எதுவும் வரவில்லை.

மறு வருடம், சென்னையில் என்னோடு பத்திரிகையில் இருந்த புகைப்படக்காரர் நியூயார்க் வந்தார். யாழ்ப்பாணத்தில் எடுத்த சில படங்களைக் கொடுத்தார். சோதனைச் சாவடிகளின் கொங்கிரீட் தடுப்புகளில் சிப்பாய்கள் வரைந்த ஓவியங்கள். சிங்கம், தாமரை, படைப்பிரிவின் சின்னம், யாரோ ஒரு நடிகை. ஒன்றில் மட்டும் ஒரு வீடு. அந்தத் தடுப்புக்குப் பின்னால் வெறும் மண்ணும் வானமும்.

"எந்த இடம்னு படமெடுத்தவர் பின்னாடி எழுதியிருக்கார், அக்கா. உங்க பக்கமா பாருங்க" என்று அவர்கள் வீட்டுக்குப் போய் அந்த வீட்டுப் படத்தைக் கொடுத்தேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தார். "இது எங்கட வீடு."

கணவர் சிரித்தார். "யாழ்ப்பாணத்தில எல்லா வீடும் இப்பிடித்தான். உமக்குக் கண்ணாடி மாத்தவேணும்."

"கிரில்லில மயிலைப் பாருங்கோ. கொண்டை இல்லை. சின்னனில நான்தான் உடைச்சனான்."

கணவர் படத்தை வாங்கினார். ஓவியத்தில் வீட்டின் துணிக்கொடியில் ஒரு லுங்கி தொங்கியது. "வெளிக்கிடேக்க, வீட்டில ஆக்கள் இருக்கினம் எண்டு காட்ட எல்லாரும் கொடியில உடுப்புப் போட்டிட்டுத்தானே போனவை. மச்சானும் போட்டிட்டுப் போயிருப்பார்."

"சைக்கிள் நிக்குது" என்றார் அக்கா.

சுவரில் சாய்த்த சைக்கிள், முன்னால் கம்பிக் கூடை. ஊர் வெளியேறிய அன்று சைக்கிள் இருந்த எவரும் அதை விட்டுவிட்டுப் போகவில்லை, மூட்டைகளெல்லாம் அதன் மேல்தான் போயின என்று இவர்கள் சொல்லியே பலமுறை கேட்டிருக்கிறேன். கணவர் படத்தை என்னிடம் நீட்டினார்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வீட்டின் கதவு திறந்திருந்தது. வாசலில் ஓர் ஆளை வரைந்து, பிறகு அதன் மேல் கறுப்பு பூசியிருந்தார்கள். ஒரு தோளைப் பூச்சு சரியாக மூடவில்லை. அக்கா கை நீட்டினார். கண்ணாடியைக் கொடுத்தேன்.

பார்த்து முடித்ததும் அவர் படத்தைத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

"ஞாயிற்றுக்கிழமை டொரன்டோவில இருந்து அம்மா போன் எடுப்பா" என்றார் கணவரிடம். "வன்னியால ஏதும் செய்தி வந்ததோ எண்டு கேப்பா. இன்னும் வரேல்லை எண்டு சொல்லுங்கோ."